பெயர் சுமக்கும் பாதைகள்: ஊவாவின் வீதிகளும் வீழ்ந்த போர்வீரர்களும்

பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா என்று மலையேறி, ஹக்கலையில் இறங்கி, வெலிமடை, ஹாலிஎல, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் சென்று செங்கலடியில் முடிகிறது ஏ-5 நெடுஞ்சாலை. ஊவாவில் வாழும் நம்மில் பலர் பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவது இந்த வீதியின் ஏதோ ஒரு பகுதியில்தான். ஹக்கலைக்கும் வெலிமடைக்கும் இடையில் இந்த வீதியோரத்தில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. மரக்கறி, உருளைக்கிழங்கு வியாபாரத்துக்குப் பேர்போன இடம். பொருளாதார மத்திய நிலையமும் அங்கு உண்டு. பஸ் நடத்துநர்கள் நாள்தோறும் உரத்துச் சொல்லும் அந்த நகரத்தின் பெயர் கெப்பெட்டிபொல.

அது ஒரு மனிதரின் பெயர். ஆயுதம் ஏந்திப் போராடி, பிடிபட்டு, தலை வெட்டப்பட்டு இறந்த ஒருவரின் பெயர். அவரது பெயரை நாம் தினமும் உச்சரிக்கிறோம். ஆனால் உருளைக்கிழங்கு விலையைத் தவிர வேறெதுவும் அப்பெயரோடு சேர்ந்து நம் நினைவுக்கு வருவதில்லை.

போரில் வீழ்ந்தவரின் பெயரை ஒரு நெடுஞ்சாலைத் துண்டுக்கோ, பாலத்துக்கோ, ஊருக்கோ சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். நமது நாட்டிலும் அது பரவலாக நடந்திருக்கிறது. அப்படிச் சூட்டுவதன் பொருள் என்ன? யாருடைய பெயர் பலகையில் ஏறுகிறது, யாருடையது ஏறாமல் போகிறது? பெயர்ப்பலகை நட்டுவிட்டால் நினைவுகூர்தல் முடிந்துவிடுகிறதா? நமக்குத் தெரிந்த பாதைகளைக் கொண்டே இக்கேள்விகளை ஆராய்வோம்.

எதிரெதிராக நின்ற இருவர்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் ஊவாவின் திசாவையும் ஒருவர். அவரே மொனரவில கெப்பெட்டிபொல.

இரண்டே ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தொடக்கத்தில் நமது சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் இருக்கிறார். வெல்லஸ்ஸவில் வாழ்ந்த சோனகர்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரைப் பிரித்தானியர் முகாந்திரமாக நியமித்தனர். அதுவரை அப்பிரதேசப் பிரதானிகளிடம் இருந்த அதிகாரத்தின் ஒரு பங்கு இதனால் கைமாறியது. அதில் எழுந்த அதிருப்தியும் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டு உயிரிழந்தார். நிலைமையை அறியப் பதுளையிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய அதிகாரி டக்ளஸ் வில்சனும் 1817இல் கொல்லப்பட்டார்.

கிளர்ச்சியை அடக்குவதற்காகப் பிரித்தானியர் கெப்பெட்டிபொலவையே அனுப்பினர். போன இடத்தில் அவர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். சேருமுன் தம்மிடம் இருந்த பிரித்தானியரின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் தந்த ஆயுதத்தைக் கொண்டே அவர்களை எதிர்ப்பது முறையல்ல என்று அவர் கருதினார் என்பர்.

1818இல் பரணகமப் பக்கத்தில் ஒரு குன்றின் மீது மேஜர் மக்டொனல்ட் என்ற பிரித்தானிய அதிகாரி ஒரு சிறு படையுடன் நின்றார். கெப்பெட்டிபொலவின் பெரும்படை குன்றைச் சுற்றி வளைத்தது. பல நாட்கள் தாக்கியும் குன்று விழவில்லை. அந்த எதிர்ப்பைப் பாராட்டி அவ்விடத்துக்கு ‘ஃபோர்ட் மக்டொனல்ட்’ என்று பெயர் வைத்தனர். அப்பக்கத்து ஓயாவும் அப்பெயரைப் பெற்றது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்தும் வரைபடங்களில் அப்பெயர் இருக்கிறது.

ஆக, ஊவாவின் ஒரே பகுதியில் எதிரெதிராகப் போரிட்ட இருவரின் பெயர்களும் நிலத்தில் பதிந்திருக்கின்றன. ஒன்றை வென்றவர்கள் அப்போதே வைத்தார்கள். மற்றது, தோற்றவரின் வழிவந்தவர்கள் பின்னொரு காலத்தில் வைத்தது. வரைபடத்தை விரித்து இவ்விரண்டு பெயர்களையும் தேடிப் பாருங்கள். ஒரு போரின் இரு பக்கங்களும் அதில் தெரியும்.

துரோகிப் பட்டியலிலிருந்து வீரர் பட்டியலுக்கு

1818இல் பிரித்தானிய அரசு கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று வர்த்தமானியில் அறிவித்தது. அவர்களது சொத்துகள் பறிமுதலாயின. ஊவாவில் வீடுகள் எரிக்கப்பட்டன. வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்தன. கெப்பெட்டிபொல பிடிபட்டு, 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் தலை வெட்டப்பட்டார். அவரது மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ மருத்துவர் ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுசென்றார். மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு மனிதரின் குணத்தை அறியலாம் என்று நம்பிய ஒரு கழகத்தின் பொருளாக அது எடின்பரோவில் இருந்தது. சுதந்திரத்தின் பின்னரே அது நாடு திரும்பியது. 1954இல் கண்டியில் தலதா மாளிகைக்கு முன்பாக உள்ள நினைவுத்தூபியில் வைக்கப்பட்டது.

அந்த வர்த்தமானி அறிவித்தல் மட்டும் ரத்தாகாமலே இருந்தது. 2016 டிசம்பரில்தான் கெப்பெட்டிபொல உள்ளிட்ட 19 பேரைத் துரோகிகள் என்ற அந்த அறிவித்தலை இரத்துச்செய்யும் பத்திரத்தில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒப்பமிட்டார். ஒருவர் சட்டத்தின் கண்ணில் துரோகியாகவும் மக்களின் வாயில் ஊர்ப்பெயராகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். ஊவாவின் பல்கலைக்கழகம் கூட 2005இல் தொடங்கப்பட்டபோது ‘ஊவா வெல்லஸ்ஸ’ என்று, அந்தக் கிளர்ச்சி நடந்த நிலத்தின் பெயரையே பெற்றது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பெயர் சூட்டுவது அந்தந்தக் காலத்தின் அதிகாரத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இன்று பலகையில் இருக்கும் பெயர் நாளை கழற்றப்படலாம். இன்று சொல்லத் தயங்கும் பெயர் நாளை பலகையில் ஏறலாம். அதனால் பெயரைப் பார்த்த உடனே வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். முதலில் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

வரலாற்றைக் கேட்பதென்றால் முழுவதையும் கேட்க வேண்டும். கெப்பெட்டிபொலவின் கதையில் ஹாஜி மரிக்காரும் வருகிறார். ஒருவரை வீரர் என்று சொல்வதற்காக மற்றவரைக் கதையிலிருந்து நீக்கிவிடவோ, ஒரு முகாந்திரத்தின் பதவியை வைத்து அவர் சமூகம் முழுவதையும் அளந்துவிடவோ கூடாது. வெல்லஸ்ஸவின் சோனக மக்கள் அந்நிலத்தின் பழைய குடிகள். அந்தப் போரின் பஞ்சம் அவர்களது வீட்டுக் கதவையும் தட்டியிருக்கும்.

வீதி அமைத்த மேஜர்

பதுளை நகரில் புனித மார்க் தேவாலயம் இருப்பதை எல்லோரும் அறிவர். 1857இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் ஒரு போர்வீரரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். ஊவாவின் பல பாதைகள் அவரது காலத்தில் அமைந்தவை. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் தங்குமடத்தின் விறாந்தையில் நின்றபோது மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக்கொன்றார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கின்றனர். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் பிளந்தது, அத்தனை யானைகளின் சாபம் அது என்று மலைநாட்டில் இன்றும் கதை சொல்வார்கள். அன்றைய வெள்ளையரின் பார்வையில் அவர் பெரும் வேட்டைக்காரர். இன்று வனவிலங்கு பற்றிப் பாடம் படிக்கும் நமக்கு அந்த எண்ணிக்கை நடுக்கத்தைத் தருகிறது. ஒரே மனிதர் பாதை திறந்தவராகவும் காட்டை வெறுமையாக்கியவராகவும் இருந்திருக்கிறார். நினைவுக்கற்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்றையும் அவை சொல்வதில்லை. மேஜர் ரொஜர்ஸ் பாதை அமைத்தார் என்கிறோம். மலையைப் பிளந்து கல்லுடைத்தவர் யார்? கூடையில் மண் சுமந்தவர் யார்? 1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளைப் பக்கத்தில் எழுந்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு முன்னும் பின்னும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வீதிகளிலும், பின்னர் 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதையிலும் உழைத்தார்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியவர்களும் அவர்களே. குளிரிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நாம் பயணிக்கும் வளைவுகளில் காண முடியாது.

தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். ஸ்பிரிங்வேலி, கிளெனனோர், ஹொப்டன் என்று தொலைதூர நாட்டின் ஓசை அவற்றில் கேட்கிறது. தோட்ட மக்கள் பல தோட்டங்களுக்குத் தாங்களே ஒரு தமிழ்ப் பெயர் வைத்து வழங்கிவந்தார்கள். அது எந்தப் பலகையிலும் ஏறாமல் பாட்டிமார் வாயில் மட்டும் வாழ்ந்த பெயர். பாட்டிமாருடன் அதுவும் மறைந்துகொண்டிருக்கிறது.

பாதையில் கிடந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். தொல்லையை அகற்றுவதே அவ்வளவு மேன்மையானால், இல்லாத பாதையை மலையில் வெட்டித் தந்தவர்களை மறந்திருப்பது எவ்வளவு பெரிய குறை!

ஊரின் பெயரைத் தாங்கிய வீரர்

நமது காலத்துக்கு வருவோம். முப்பது ஆண்டு நீடித்த போரில் நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் இளைஞர்கள் இறந்தார்கள். இராணுவ உயரதிகாரிகளுள் லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி யாழ்ப்பாணத் தீவகத்தின் அராலித்துறையில் கண்ணிவெடியில் இறந்தார். பத்தரமுல்லைப் பகுதியில் ஒரு முக்கிய வீதி அவரது பெயரில் டென்சில் கொப்பேகடுவ மாவத்தை என்று வழங்குகிறது. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களும் விடுபடவில்லை. சிங்களக் கிராமங்களுக்குள் திரும்பும் குறுக்குப் பாதைகளின் முனையில் ‘ரணவிரு’ என்று தொடங்கி ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லி ‘மாவத்தை’ என்று முடியும் பலகைகளை ஊவாவிலும் காணலாம். ரணவிரு என்றால் போர்வீரர். படையினரின் குடும்பங்களின் நலனுக்காக 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது.

மஹியங்கனைக்கு அருகே, கண்டி வீதியில் ஹசலக்க என்றொரு ஊர் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த காமினி குலரத்ன என்ற சிப்பாய், 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை நோக்கி வந்த கவச புல்டோசரைத் தடுக்கக் கைக்குண்டுகளுடன் அதன்மீது ஏறி உயிரைக் கொடுத்தார். நாட்டின் மிக உயர்ந்த படை விருதான பரம வீர விபூஷணய பெற்ற முதலாமவர் அவர். மக்கள் அவரை ஹசலக்க காமினி என்றே அழைக்கிறார்கள். வேறிடங்களில் வீரரின் பெயரை ஊருக்கு வைக்கிறார்கள். இங்கே ஊரின் பெயரை வீரர் சுமந்துகொண்டார். பெயர்ப்பலகை எதுவும் இல்லாமலேயே ஒரு சிற்றூர் நாடு முழுவதற்கும் தெரிந்ததாயிற்று.

அதே விருதைப் பெற்ற இன்னொருவர் மாத்தளையைச் சேர்ந்த பஸ்லி லாபீர். விசேட படைப்பிரிவின் முதலாவது அணிக்குக் கட்டளை அதிகாரியாக இருந்தவர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் முற்றுகைக்குள்ளானபோது மீட்புப் படையுடன் சென்று, ஜூலை 19ஆம் திகதி உயிரிழந்தார். இறந்தபின் கேணலாகத் தரமுயர்த்தப்பட்டார். முஸ்லிம்கள் இந்நாட்டுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நமது பெரியோர் அவரது பெயரை எடுத்துச் சொல்வதுண்டு.

அப்படிச் சொல்வதில் பெருமையும் இருக்கிறது, ஒரு வேதனையும் இருக்கிறது. ஒரு சமூகம் இந்நாட்டைச் சேர்ந்தது என்பதை நிரூபிக்க ஓர் உயிரைச் சாட்சியாகக் காட்ட வேண்டியிருப்பது நல்ல நிலைமை அல்ல. லாபீரை அவர் செய்த செயலுக்காக நினைவுகூர்வோம். நமது குடியுரிமைக்கான அத்தாட்சிப் பத்திரமாக அவரைப் பயன்படுத்த வேண்டியதில்லை. அந்த உரிமை நமக்குப் பிறப்பிலேயே உண்டு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். மலைநாட்டில் தமிழ் பேசும் குடும்பங்களுக்குப் போர்வீரரின் பெயர்ப்பலகை எளிதான காட்சி அல்ல. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்குப் பலகை இல்லை. குறுக்குப் பாதையின் முனையில் தன் மகனின் பெயரைத் தினமும் கடந்து போகும் சிங்களத் தாயின் துக்கமும், பெயர் எழுத ஓர் இடமில்லாத தமிழ்த் தாயின் துக்கமும் ஒரே எடைதான். ஒன்றை மதிப்பதற்காக மற்றதை மறுக்கத் தேவையில்லை.

பிற நாடுகளில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 401ஆம் இலக்க நெடுஞ்சாலை இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் இறந்த கனடியப் படையினரின் உடல்கள் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இறக்கப்பட்டு, டொரொன்டோவுக்கு அந்த வீதியால் எடுத்துச் செல்லப்பட்டன. 2002 முதல், யாரும் அழைக்காமலே மக்கள் மேம்பாலங்களில் வந்து நின்று இறுதி மரியாதை செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். முதியோரும் குழந்தைகளும் வந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2007இல் மாகாண அரசு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமான அத்துண்டுக்கு ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ என்று பெயரிட்டது. முதலில் மக்களின் செயல் வந்தது, பிறகே பலகை வந்தது. அதனால்தான் அப்பெயர் நிலைத்தது.

இந்தியாவின் காசிப்பூரில் கங்கைக்குக் குறுக்கே உள்ள பாலம் ‘ஹமீத் சேது’ எனப்படுகிறது. அம்மாவட்டத்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த அப்துல் ஹமீத், 1965 செப்டம்பரில் கேம்கரண் களத்தில் தாங்கிகளை எதிர்த்து நின்று இறந்தார். அந்நாட்டின் உயர்ந்த படை விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. ஏழைத் தையற்காரரின் மகனுடைய பெயரை நாள்தோறும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கடக்கின்றன.

மாணவியருக்கு நெருக்கமான இன்னொரு பெயர் நூர் இனாயத் கான். இந்தியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குச் சென்ற சூபி ஞானி இனாயத் கானின் மகள், திப்பு சுல்தானின் வழித்தோன்றல். பாரிஸுக்கு அருகிலுள்ள சுரேன் என்ற ஊரில் வளர்ந்தார். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் 1943 ஜூனில், ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த பாரிஸுக்கு இரகசிய வானொலிச் செய்தி அனுப்புபவராகச் சென்றார். கூட்டாளிகள் பிடிபட்டபோதும் திரும்பிவர மறுத்தார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்கவ் முகாமில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. லண்டனில் 2012இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சுரேன் நகரில் அவரது இரகசியப் பெயரான ‘மடலின்’ என்பது ஓர் இடத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. நமது நாட்டின் வீதிப் பெயர்களில் பெண்களின் பெயர் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இலக்கமும் பெயரும்

ஒரு வீதிக்குப் பெயர் வைத்தால் அதன் இலக்கம் போய்விடுமோ என்று சிலர் கேட்பார்கள். போகாது. இலங்கையில் ஏ, பி வகுப்பு வீதிகள் தேசிய வீதிகள். அவை வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கின்றன. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கு உரியவை. ஏனைய சிறு வீதிகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளிடம் இருக்கின்றன. தோட்டத்துக்குள் செல்லும் பாதைகள் பலவற்றைத் தோட்ட நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. இந்தப் பிரிவினையால்தான் தோட்டப் பாதைகள் நீண்ட காலம் செப்பனிடப்படாமலும் பெயரில்லாமலும் கிடந்தன.

இலக்கம் பயணத்துக்காக. பெயர் நினைவுக்காக. ஏ-2 என்பது அரசின் பதிவில் உள்ள இலக்கம், மக்களுக்கு அது காலி வீதி. ஒரே நெடுஞ்சாலையின் வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு பெயர்களைத் தாங்கலாம். ஆகவே ஏ-5இன் ஒரு துண்டுக்கு யாருடைய பெயரை வைத்தாலும் அது ஏ-5 ஆகவே இருக்கும். கடிதமும் வரும், பஸ்ஸும் வரும்.

ஆனால் பெயர் வைப்பது பொதுமக்களின் காரியம். தங்கள் பகுதியில் அப்படி ஓர் எண்ணம் எழும்போது உள்ளூராட்சி மன்ற உறுப்பினரிடம் கேட்கவும், எழுத்தில் கருத்துத் தெரிவிக்கவும் அங்கு வாழ்வோருக்கு உரிமை உண்டு. பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குடியியல் பாடத்தைப் புத்தகத்துக்கு வெளியே கற்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பலகையில் இருக்க வேண்டியவை

நல்ல பெயர்ப்பலகைக்கு என்ன வேண்டும்? முதலாவது, மொழி. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. ஊவாவின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. எனவே பலகையில் தமிழ் இருப்பது யாரும் தரும் சலுகை அல்ல. அது எழுத்துப் பிழையின்றியும் இருக்க வேண்டும். நினைவுகூரப்படுபவரின் பெயரைத் தவறாக எழுதுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

இரண்டாவது, விவரம். பெயர் மட்டும் போதாது. அவர் எந்த ஊரில் பிறந்தார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று இரண்டு வரிகளாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்குள் அது வெறும் முகவரியாகிவிடும்.

மூன்றாவது, இணக்கம். அந்தப் பாதையில் வாழும் எல்லாச் சமூகத்தவரும் கலந்து பேசி வைத்த பெயராக இருக்க வேண்டும். ஒரு சமூகத்தை அச்சுறுத்துவதற்காக அதன் வாசலில் நடப்படும் பலகை, எழுதப்பட்டவருக்கும் பெருமை சேர்க்காது.

நான்காவது, கடமை. பாதைக்கு மகனின் பெயரை வைத்துவிட்டு, அவன் தாயின் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பாராதிருந்தால் அந்த மரியாதை அரைகுறைதான். பெயர் வைத்தவர்கள் அக்குடும்பத்தையும் அப்பாதையையும் பேண வேண்டும். குழியும் சேறுமாகக் கிடக்கும் வீதிக்கு வீரரின் பெயர் இருந்து என்ன பயன்?

நாம் செய்யக்கூடியது

மாணவியரே, இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வரை உள்ள வீதிகள், பாலங்கள், சந்திகள், தோட்டங்கள், லயன்கள் எல்லாவற்றின் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அப்பெயர் யாருடையது, யார் வைத்தது, அதற்கு முன் என்ன பெயர் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். உம்மும்மா, வாப்பும்மாவுக்குத் தெரியாததைப் பக்கத்துத் தோட்டத்து ஆச்சி அறிந்திருக்கலாம். அவர் மறந்ததைச் சிங்கள அயலவர் ஒருவர் சொல்லக்கூடும். மூன்று மொழியிலும் கேட்டால்தான் ஒரு வீதியின் முழுக் கதையும் கிடைக்கும்.

பலகையில் ஏறாத பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதை வெட்டியவர், பாலம் கட்டும்போது தவறி விழுந்தவர், மழைக்காலத்தில் மண்சரிவை அகற்றியவர் என்று யாரையாவது பெரியவர்கள் நினைவில் வைத்திருந்தால் அதைப் பதிந்துவையுங்கள். அவர்களுக்கு நெடுஞ்சாலைத் துண்டு ஒன்றை யாரும் ஒதுக்கப்போவதில்லை. உங்கள் கொப்பியில் ஒரு வரியை நீங்கள் ஒதுக்கலாம். அந்தக் கொப்பிகளைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவைத்தால், அடுத்துவரும் மாணவியருக்கு ஊவாவின் பாதைகள் பேசத் தொடங்கும்.